அரக்கு நிற முதல் வகுப்பு

பல் வலி இல்லாத ஒருவர் தாமாக வந்து தன் நாற்காலியில் சாய்ந்துகொண்டதைப் பல் டாக்டர் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார். வந்த பெண்ணின் மடியில் ஒரு செருப்பு டப்பா இருந்தது. அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள்.

“வாயைத் திறங்கம்மா.”

திறந்தாள். ஆனால் பேசுவதற்கு. “பல்லுக்கு இல்லைங்க டாக்டர். உங்க மாமியாரைப் பார்க்கணும். வெளியில உட்கார இடம் இல்ல, அதான் இதுல உட்கார்ந்துட்டேன்.”

டாக்டருக்குள் இருந்த இன்னொரு ஆள் துள்ளி எழுந்தான். அவருடைய மாமியார் தடயவியல் கூடத்தில் பெயின்ட் பிரிவில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். மோதிவிட்டு ஓடிய வண்டியை, அடிபட்டவர் சட்டையில் ஒட்டிய கடுகளவு பெயின்ட்டை வைத்தே சொல்லிவிடுவார். தெருவில் அவருக்கு லேப் அம்மா என்று பெயர். ஓய்வுக்குப் பிறகும் ஊர்ச் சிக்கல்கள் அவரைத் தேடி வந்தன. கூடவே அலைய மருமகன் இருந்தார். மாமியார் மெச்சிய மருமகன் உலகத்தில் உண்டா என்ற கேள்விக்குத் தானே விடையாகிவிட வேண்டும் என்பது டாக்டரின் நெடுநாள் ஆசை.

மாடியிலிருந்து லேப் அம்மா இறங்கி வந்தார். அவசரம் என்ற சொல்லே தெரியாதது போல ஒவ்வொரு படியாக இறங்கினார். “முதல்ல தண்ணி குடிங்க. அப்புறம் சொல்லுங்க.”

அவள் சொன்னாள். கணவர் பழைய பொம்மை ரயில்களைப் பிரித்துப் பழுது பார்ப்பவர். ஊரே அவரை ரயில்காரர் என்றுதான் கூப்பிடும். அவளுடைய தம்பிதான் அவருக்கு வலது கை. இப்போது அந்த வலது கையை அவரே வெட்டி எறிந்துவிட்டார்.

“டீச்சரம்மா வீட்டு ரயில் ஒண்ணு வந்திருந்துச்சு. அவங்க வீட்டுக்காரர் செத்துப் போய் கொஞ்ச நாள்தான் ஆகுது. அவர் உசிரா வச்சிருந்த வண்டி. ஒரு இன்ஜின், ரெண்டு நீலப் பெட்டி, ஒரு அரக்கு கலர் முதல் வகுப்புப் பெட்டி. குழந்தைங்க ஆஸ்பத்திரி திறப்பு விழாவுல அதை ஓட விடறதா ஏற்பாடு. ‘தூசியைத் துடைங்க, சக்கரத்துக்கு எண்ணெய் போடுங்க, பெயின்ட்டை மட்டும் தொடாதீங்க’ன்னு டீச்சரம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனாங்க. அதைத்தான்…”

டப்பாவைத் திறந்தாள். உள்ளே பழைய துணிமேல் வெறும் தகரமாக ஒரு ரயில் பெட்டி கிடந்தது. தோலுரித்த மாதிரி. சன்னல்கள் மட்டும் வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

“சோடாத் தொட்டியில முக்கியிருக்கு. சுடு காஸ்டிக் சோடா பெயின்ட்டைக் கரைச்சு எடுத்துடும். அன்னிக்கு என் தம்பி வேற ஒருத்தர் இன்ஜினோட நிலக்கரித் தொட்டியை அதுல போட்டு எடுத்தான். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில தண்டவாளம் போட இடம் பார்க்கப் போயிட்டுத் திரும்பி வந்து மூடியைத் திறந்தா, உள்ள இது. ‘கவனமில்லாம மாத்திப் போட்டுட்டே’ன்னு அவனைக் கழுத்தைப் பிடிக்காத குறையா வெளிய அனுப்பிட்டார். அவன் ‘நான் போடவே இல்ல’ங்கறான். டீச்சரம்மா இவரைச் சும்மா விடமாட்டேங்கறாங்க. ஒரு பக்கம் புருஷன், இன்னொரு பக்கம் கூடப்பிறந்தவன். நான் மத்தளம் மாதிரி ரெண்டு பக்கமும் அடி வாங்கறேம்மா.”

“உங்க தம்பி சொல்றதை நீங்க நம்பறீங்களா?”

அவள் தலை குனிந்தது. “பட்டறையை விட்டு எங்கயும் போகலன்னு சத்தியம் பண்றான். ஆனா நான் நடுவுல காபி எடுத்துட்டுப் போனேன். கதவு பூட்டியிருந்துச்சு.”

“அதை உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களா?”

“எப்படிம்மா சொல்வேன்?”

லேப் அம்மா பெட்டியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். “மாப்பிள்ளை, ஒரு சொத்தைப் பல்லு இடுக்குல தேடற மாதிரி இதுல தேடணும். உங்க கம்பியைக் கொண்டு வாங்க.”

டாக்டர் ஓடிப்போய்ச் சின்னக் கண்ணாடியையும் கூர்முனைக் கம்பியையும் கொண்டு வந்தார். பெட்டியின் அடிப்பக்கம் தகரத்தை இரட்டையாக மடித்து அழுத்தியிருந்தது. அந்த மடிப்புக்குள் சோடா புகுந்திருக்காது என்றார் மாமியார். டாக்டர் கடைவாய்ப் பல்லில் வேலை செய்கிற நிதானத்தோடு மடிப்பின் ஓரத்தை நெம்பினார். ஒரு துணுக்கு பெயின்ட் கம்பி முனையில் ஒட்டிக்கொண்டு வந்தது.

லேப் அம்மா அதைக் கண்ணாடித் துண்டில் வைத்து, பூதக்கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தார். பிறகு மருமகனிடம் கொடுத்தார். பெயின்ட் துணுக்கின் மேல்பக்கம் அரக்கு. வெட்டுவாயில் பார்த்தால் அதற்குக் கீழே, தகரத்தை ஒட்டியிருந்த இடத்தில், நல்ல பச்சை.

“இதைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க” என்றார் லேப் அம்மா. இருவரும் தலையாட்டினார்கள்.

பட்டறை வீட்டுக்குப் பின்னால் இருந்தது. நீள மேசை, அதன் மேல் பளிச்சென்ற விளக்கு, சுவரில் ஆணி ஆணியாகத் திருப்புளிகள். பிரித்த இன்ஜின் ஒரு தட்டில் கிடந்தது. ரயில்காரர் பிரித்துப் போடுகிறவர் என்று நினைத்தால் தப்பு. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிய வரிசையிலேயே பரப்பி வைத்திருந்தார். சக்கரங்களை மட்டும் சோடி சோடியாகக் கம்பியில் கோத்து, பூ கட்டின மாதிரி சுவரில் தொங்கவிட்டிருந்தார்.

“எல்லாச் சக்கரமும் இப்படித்தானா?” என்று கேட்டார் லேப் அம்மா.

“இங்க இதான் பழக்கம்மா. கம்பியில கோத்தா உருண்டு ஓடாது, எது எதோட சோடின்னு குழப்பமும் வராது. என் மச்சானுக்கு முதல் நாள் சொல்லிக் குடுத்ததே இதுதான்.” மச்சான் என்ற சொல் வாயில் வந்ததும் ரயில்காரரின் முகம் சுருங்கியது. “அவனுக்குப் போய் நான் எவ்வளவு செஞ்சேன்!”

“அந்தப் பெட்டியோட சக்கரம்?”

ரயில்காரர் மேசையின் ஒரு மூலையைக் காட்டினார். “அன்னிக்கு இருந்த இடத்துலேயே இருக்கு. நான் தொடவே இல்ல. தொட மனசு வரல.”

ஒரு தட்டில் பஞ்சு விரித்து, அதன் மேல் சக்கரங்கள் முன் பின், இடம் வலம் என்று தூங்க வைத்த மாதிரி வரிசையாக இருந்தன. பக்கத்தில் கொக்கிகள், சன்னல் மைக்கா, குட்டி நாற்காலிகள்.

“சக்கரத்தை ஏன் கழட்டணும்? அப்படியே முக்கினா என்ன?” என்று டாக்டர் கேட்டார்.

“வார்ப்புச் சக்கரம் டாக்டர். துத்தநாகம் கலந்தது. சோடாவுல போட்டா நுரைச்சுக் கரைஞ்சுடும். வேலை தெரிஞ்சவன் போடமாட்டான். கூரையைப் பிடிச்சிருக்கற தகர நாக்கையும் பாருங்க, ஒண்ணுகூட முறியாம நிமித்தியிருக்கான். அதான் சொல்றேன், வேலை தெரிஞ்ச கை, ஆனா கவனம் இல்லாத கை.”

“பட்டறைச் சாவி?”

“நிலைக்கு மேல ஆணியில. எல்லாருக்கும் தெரியும். இங்க என்ன தங்கமா இருக்கு?”

“கடைசியா ஒண்ணு. அந்தப் பெட்டியை இனிமே என்ன பண்ணலாம்?”

“பண்ண என்ன இருக்கு? அதே அரக்கை மறுபடி கலக்கிப் பூசணும். தங்கக் கோடு இழுக்கணும். ஆனா போன பழசு போனதுதானேம்மா.”

தம்பியைத் தேடிப் பிடிப்பது கடினமாக இல்லை. நண்பன் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். டாக்டர் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்து அவனை எழுப்ப, லேப் அம்மா நேராகக் கேட்டார்: “கதவு பூட்டியிருந்துச்சு தம்பி. எங்க போனீங்க?”

அவன் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தான். “நேர்காணலுக்குங்க. லிஃப்ட் கம்பெனி ஒண்ணுல வேலை. கிடைச்சுடுச்சு. மாமாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அவர் என்னைப் பையன் மாதிரி பார்த்தவர். ‘விட்டுட்டுப் போறேன்’னு சொல்ல நாக்கு வரல. நிலக்கரித் தொட்டியை எடுத்துக் கழுவி வச்சுட்டு, சோடாத் தொட்டியை மூடிட்டுத்தான் கிளம்பினேன்.”

“அந்தப் பெட்டியை இனிமே என்ன பண்ணலாம்?”

“என்னை விட்டா நானே ராப்பகலா உட்கார்ந்து அரக்கு பூசித் தருவேன்” என்றான். கண் கலங்கியிருந்தது.

அடுத்தது டீச்சரம்மா வீடு. கதவைத் திறந்தவர் அவருடைய அண்ணன் மகன். வீடு விற்பது, நிலம் விற்பது என்று ஊருக்கெல்லாம் தரகு பார்ப்பவர். டீச்சரம்மா உள்ளே கட்டிலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். யாரோடும் பேச மறுத்தார். “எல்லாரும் விலையைப் பத்தியே பேசறீங்க. எனக்கு அந்தப் பெயின்ட் வேணும். அதைத் தர முடியுமா?” என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

அண்ணன் மகன் வாசலுக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். “அத்தைக்கு அந்தப் பெட்டியோட மதிப்பு தெரியலைங்க. அரக்குல முதல் வகுப்பு ரொம்ப அபூர்வமாம். விழாவுக்கு வெளியூர்லேருந்து ஒரு நிபுணரை வரச் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு பெட்டியா கையில எடுத்துச் சோதிச்சுச் சான்று தர்றேன்னார். இப்ப அவர்கிட்ட எதைக் காட்டறது? அன்னிக்கு மத்தியானம் போட்டோ எடுக்கலாம்னு பட்டறைக்குப் போனேன், பூட்டியிருந்துச்சு. சன்னல் வழியா மேசையை மட்டும் எடுத்தேன்.”

படத்தைக் காட்டினார். மேசையில் சோடாத் தொட்டி மூடியோடு இருந்தது. பக்கத்தில் பஞ்சு விரித்த தட்டும் தெரிந்தது.

“இது என்ன, தட்டுல?” என்று கேட்டார் லேப் அம்மா.

“ஏதோ பித்தான்னு நினைச்சேன்” என்றார் அவர்.

“அந்தப் பெட்டியை இனிமே என்ன பண்ணலாம்?”

“பழைய இரும்புக்காரனுக்குப் போடலாம்.”

கடைசியாக ரயில் பிரியர்கள் சங்கத்தின் செயலாளர் வீடு. டீச்சரம்மாவின் செத்துப்போன கணவருக்கு உயிர் நண்பர். கூடம் முழுக்கக் கண்ணாடி அலமாரி, அலமாரி முழுக்க ரயில். அவர் ஒரு சரக்குப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதன் சக்கரங்கள் ஒரு நகை டப்பாவில் பஞ்சின் மேல் கிடந்தன. டாக்டரின் கண் அலமாரியை விட்டு அகலவில்லை. சின்ன வயதில் கிடைக்காத ரயிலெல்லாம் அங்கே வரிசையில் நின்றிருந்தது.

“பாவம் அந்த ரயில்காரர்” என்றார் செயலாளர். “பட்டறைன்னா நூறு தவறு நடக்கும். பெரிசு பண்ணக் கூடாதுன்னு டீச்சரம்மாகிட்ட நானே சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெட்டியை என் நண்பன் கண்டுபிடிச்சுக் கொண்டு வந்த வருஷம் சங்கத்துல அவனுக்குக் கேடயம் குடுத்தோம். நான்தான் மேடையில பேசினேன். அழுதே பேசினேன்.”

“இனிமே அந்தப் பெட்டியை என்ன பண்ணலாம்?”

“குழந்தைங்க பார்க்கத்தானே? நல்லாத் தேய்ச்சு, ஒரு பச்சை பூசி ஓட விட்டாப் போதும்” என்றார் செயலாளர். “யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க.”

திரும்பும் வழியில் டாக்டரால் அடக்க முடியவில்லை. “எனக்குப் புரிஞ்சு போச்சு அத்தை. அந்த அண்ணன் மகன்தான். பட்டறைக்குப் போனதா அவரே ஒத்துக்கிட்டார். ஆளைப் பார்த்தாலே தெரியுது.”

“ஆளைப் பார்த்துப் பல்லைப் பிடுங்குவீங்களா மாப்பிள்ளை?”

மறுநாள் காலை எல்லோரும் ரயில்காரர் பட்டறையில் கூடினார்கள். மேசையைச் சுற்றி முக்காலிகள் போட்டு, ரயில்காரர் மனைவி ஒவ்வொருவராக உட்கார வைத்தாள். தம்பி கதவோரமாக நின்றான். மாமாவும் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பதற்கு மிகவும் பாடுபட்டார்கள். டீச்சரம்மா வரமாட்டேன் என்றவர், கடைசியில் செயலாளரின் கையைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தார். தோலுரிந்த பெட்டி மேசை நடுவில் இருந்தது.

லேப் அம்மா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே பேசினார்.

“கவனமில்லாம நடந்த காரியம் இது இல்ல. பட்டறை ஆளுங்க சக்கரத்தைக் கழட்டினா கை தானாக் கம்பியைத் தேடும். பழகின கை அப்படி. தூக்கத்துல செஞ்சாலும் கோத்துத்தான் வைப்பாங்க. இதோ, பஞ்சு மேல இருக்கு. அப்ப தம்பியும் இல்ல, ரயில்காரரும் இல்ல.”

ரயில்காரர் பஞ்சுத் தட்டைப் பார்த்தார். தினமும் கண்ணெதிரே கிடந்ததைப் புதிதாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கதவுப் பக்கம் திரும்பினார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்ப வெளி ஆள். யாரு? இவரா?” லேப் அம்மா அண்ணன் மகனைக் காட்டினார். “இவர் சன்னல் வழியா எடுத்த படத்துலேயே தொட்டி மூடியிருக்கு, சக்கரம் பஞ்சுல இருக்கு. அதைப் பித்தான்னு நினைச்சவர் இவர். சக்கரத்தைச் சோடாவுல போடக் கூடாதுங்கறது இவருக்கு எங்க தெரியப் போகுது? அதுவும் போக, விற்க நினைக்கிறவன் சரக்கைக் கெடுக்கமாட்டான்.”

அண்ணன் மகன் தலையை ஆட்டினார், பாராட்டா திட்டா என்று தெரியாமல்.

“பெட்டி மேல கோபம் உள்ளவனா இருந்தா ஒரே மிதி, தகரம் நசுங்கியிருக்கும். இது ஒரு நாக்குகூட முறியாம பிரிச்சிருக்கு. மைக்கா, நாற்காலி, எல்லாம் பத்திரம். பெட்டி பிழைக்கணும், பெயின்ட் மட்டும் போகணும். அதுதான் வந்தவரோட தேவை. ஏன்? பெயின்ட்டுல என்ன இருந்துச்சு?” அவர் மருமகனைப் பார்த்தார். “மாப்பிள்ளை, நீங்க எடுத்ததை நீங்களே காட்டுங்க.”

டாக்டர் நெஞ்சை நிமிர்த்திக் கண்ணாடித் துண்டை நீட்டினார். “மடிப்புக்குள்ள இருந்த பெயின்ட். மேல அரக்கு. அடியில பச்சை.”

ரயில்காரர் பூதக்கண்ணாடியைப் பிடுங்காத குறையாக வாங்கினார். “அய்யோ! இது தொழிற்சாலையில பச்சையா வந்த சாதாரணப் பெட்டி! பின்னாடி யாரோ அரக்கு பூசியிருக்காங்க!”

“ஆமா. வெளியூர் நிபுணர் கையில எடுத்தா முதல்ல இந்த மடிப்பைத்தான் பார்த்திருப்பார். அவர் வர்றதுக்குள்ள பெயின்ட் போயிடணும்னு ஒருத்தர் நினைச்சார். அடியில பச்சைன்னு முன்னாடியே தெரிஞ்ச ஒருத்தர். நான் நாலு பேர்கிட்ட ஒரே கேள்வி கேட்டேன். பெட்டியை இனிமே என்ன பண்ணலாம்னு. ரயில்காரர் அரக்கு பூசணும்னார். தம்பி அரக்குன்னார். இவர் இரும்புக்காரனுக்குப் போடுன்னார். அது அரக்குப் பெட்டின்னு நம்பற எவரும் வேற நிறம் சொல்லமாட்டாங்க. ஒரே ஒருத்தர்தான் பச்சைன்னார்.”

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நேத்து உங்க வீட்டுலயும் சக்கரம் பஞ்சு மேலதான் படுத்திருந்துச்சு சார்” என்றார் லேப் அம்மா மென்மையாக.

“வாய் தவறிப் போச்சு” என்றார் செயலாளர். “கேடயம் குடுத்து ரெண்டு வருஷம் கழிச்சு அவன் வீட்டுல அதைக் கையில எடுத்துப் பார்த்தேன். மடிப்போரத்துல பச்சை. யாரோ அவனை ஏமாத்தி வித்துட்டான்னு நினைச்சேன். இல்ல அவனே… எதுவா இருந்தாலும் சொல்ல மனசு வரல. செத்தவனை ஊர் கூடிப் போலின்னு சொல்றதை நான் கேட்கணுமா? ரயில்காரர் இல்லாத நேரம் பார்த்து வந்தேன். பூட்டியிருந்துச்சு, நிலை மேல இருந்த சாவியை எடுத்துத் திறந்தேன். தொட்டி சூடா இருந்துச்சு. பெட்டியைப் போட்டு மூடி, கதவையும் பூட்டிட்டுப் போயிட்டேன்.”

“உங்க நண்பர் பேரைக் காப்பாத்த இந்தப் பையன் பேரைக் கெடுத்தீங்க” என்றார் லேப் அம்மா. அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் மென்மை இல்லை. “மாமாவும் மச்சானும் பேச்சில்லாம ஆனாங்க. அதையும் பார்த்துட்டுச் சும்மாதான் இருந்தீங்க.”

செயலாளர் எழுந்து தம்பியைப் பார்த்துக் கை கூப்பினார். தம்பிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அப்போது டீச்சரம்மா சிரித்தார். எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். சிரிப்போடு கண்ணீரும் வழிந்துகொண்டிருந்தது.

“அட அசடே! அவரை யாரும் ஏமாத்தல. உன்னை ஏமாத்தத்தான் அவர் அதைச் செஞ்சார்.”

“என்ன?” என்றார் செயலாளர்.

“அரக்குப் பெட்டி கிடைக்குமா கிடைக்குமான்னு நீ வருஷக்கணக்கா புலம்பிட்டு இருந்தே இல்ல? உன்னை ஒரு நாள் கேலி பண்ணலாம்னு எங்க சமையலறை மேசையில உட்கார்ந்து ரெண்டு பேரும் பூசினோம். அந்தத் தங்கக் கோடு இழுத்தது நான். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, ஒத்தை மயிர்த் தூரிகையால. அவர் பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு ‘ஆடாதே, ஆடாதே’ன்னு என்னைச் சிரிக்க வச்சார். கொண்டு வந்து காட்டினதும் நீ பார்த்துட்டுச் சிரிப்பேன்னு நினைச்சோம். நீ அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதே. மேடை போட்டே. கேடயம் குடுத்தே. அப்புறம் எந்த முகத்தோட சொல்வார்? உன் மனசு உடைஞ்சுடும்னு கடைசி வரைக்கும் வாயைத் திறக்கல.”

செயலாளர் முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“பெயின்ட்டைத் தொடாதேன்னு நான் சொன்னது விலைக்காக இல்ல” என்றார் டீச்சரம்மா, ரயில்காரரிடம். “அவர் பூசினது. அவ்வளவுதான். உங்களைக் கண்டபடி பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க.”

ரயில்காரர் துணியால் கையைத் துடைத்தார். பிறகு கதவோரம் போய் நின்றார். “டேய்.”

“மாமா.”

“லிஃப்ட் கம்பெனியாமே. டாக்டர் சொன்னார்.”

“ஆமா மாமா.”

“சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?” என்றவர், தான் செய்தது கடிப்பதைவிட மோசம் என்று நினைவு வந்து நிறுத்தினார். “என் மேலதான்டா தப்பு. வீட்டுக்கு வா. உங்கக்கா அழுது அழுது சோத்துல உப்பு அதிகமாப் போச்சு.”

“நான் ஒண்ணும் அழல” என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அரக்கு கலக்கத் தொடங்கியது அன்று மத்தியானமே. ரயில்காரர் துணுக்கைப் பக்கத்தில் வைத்து நிறம் பார்த்துப் பார்த்துக் கலக்கினார். தம்பி பூசினான். தங்கக் கோட்டுக்கு முறை வந்ததும் டீச்சரம்மா கையை நீட்டினார். “நீ பிடி” என்று செயலாளரிடம் பெட்டியைக் கொடுத்தார். “ஆடாதே.” அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கோடு ஒரு இடத்தில் கொஞ்சம் வளைந்தது. யாரும் அதைத் திருத்தச் சொல்லவில்லை.

விழா அன்று ஆஸ்பத்திரிக் கூடத்தில் கட்டில்களையும் சக்கர நாற்காலிகளையும் தண்டவாளத்தைச் சுற்றி நிறுத்தியிருந்தார்கள். வெளியூர் நிபுணரும் வந்திருந்தார். அவர் பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் செயலாளர் எழுந்து ஒலிபெருக்கியை வாங்கினார். டாக்டர் மாமியாரின் கையைத் தட்டினார். லேப் அம்மா ‘பொறுங்க’ என்று கண்ணைக் காட்டினார்.

“இந்தப் பெட்டிக்கு நான் கேடயம் குடுத்தேன்” என்றார் செயலாளர். “அபூர்வம்னு சொல்லிக் குடுத்தேன். இது பச்சையாப் பிறந்த சாதாரணப் பெட்டி. அரக்கு பூசினது என் நண்பனும் அவன் மனைவியும். என்னைச் சிரிக்க வைக்கப் பூசினாங்க. எனக்குச் சிரிக்கத் தெரியல. கேடயத்தை நான் திரும்ப வாங்கப் போறதில்ல. இப்பதான் அது சரியான காரணத்துக்குப் போய்ச் சேருது.”

கூட்டத்துக்குப் பாதி புரிந்தது. குழந்தைகளுக்கு அதுவும் புரியவில்லை. “வண்டி எப்ப போகும்?” என்று காலில் கட்டுப் போட்ட ஒரு சிறுமி உரக்கக் கேட்டாள்.

டீச்சரம்மா விசையைத் திருப்பினார்.